அடிகாரனா, பெடியனா? ரொறன்ரோ தமிழ் பேஸ்போல் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைமார் எல்லாருக்கும்,

2024 ஜூலையில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. எங்கள் ரொறன்ரோ அணி புளூ ஜேஸ், அமெரிக்கன் லீக் கிழக்குப் பிரிவின் அடியில் கிடந்தது. எங்கள் பெரிய அடிகாரர் விளாடிமிர் கெரேரோ ஜூனியரின் ஒப்பந்தம் முடிய அடுத்த வருடம் ஒன்றுதான் மிச்சம். "எப்படியும் போகப்போகிறவன், இப்பவே வித்துப்போட்டு நாலு நல்ல பெடியளை வாங்குங்கோ" என்றீர்கள். 2025 ஜூலை வந்தது. அதே அணி பிரிவின் முதலிடத்தில் நின்றது. நீங்களும் மாறிவிட்டீர்கள். "இருக்கிற பெடியளைக் குடுத்தாவது ஹோம் ரன் அடிக்கிற ஒருத்தனைக் கொண்டு வாங்கோ, கிண்ணம் கைக்கெட்டும் தூரத்தில் நிக்குது" என்றீர்கள். முதல் வருடம் தெய்வமாக இருந்த புரொஸ்பெக்ட் (மேஜர் லீக்குக்கு வளர்ந்துவரும் பெடியன்), அடுத்த வருடம் சில்லறைக் காசு.

இந்த மடலை அணித் தலைவர் மார்க் ஷபைரோவுக்கும் ஜெனரல் மேனேஜர் ரொஸ் அட்கின்ஸுக்கும்தான் எழுதியிருக்க வேண்டும் என்று சிலர் சொல்வீர்கள். அவர்களிடம் கேட்கவும் எனக்கு ஒன்றிரண்டு உண்டு, கீழே வரும். ஆனால் ஸ்காபரோ, மார்க்கம் கோப்பிக்கடைகளில் ஒவ்வொரு கோடையிலும் அணியை மாற்றி எழுதுகிறவர்கள் நாங்கள்தானே. அந்த மேசையில் ஓடும் கணக்கில்தான் எனக்குக் குறை.

நாங்கள் ஒரு ட்ரேட்டை, அதாவது அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வதை, கதைக்கும்போது இரண்டே இரண்டைத்தான் பார்க்கிறோம்: வருகிறவன் எத்தனை ஹோம் ரன் (பந்தைச் சுவருக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்திருக்கிறான், போகிறவன் புரொஸ்பெக்ட் பட்டியலில் எத்தனையாம் இடம். நான் பார்க்கச் சொல்வது வேறு. வருகிறவர் எத்தனை வருடத்துக்கு வருகிறார், என்ன சம்பளத்துக்கு வருகிறார், அந்த வருடங்களில் அணி எங்கே நிற்கப்போகிறது?

புதிதாகச் சேர்ந்த தம்பிமாருக்காக ஒரு விளக்கம், மற்றவர்கள் தாண்டிப் போகலாம். ஒரு வீரர் மேஜர் லீக்கில் ஆறு வருட சேவையை முடிக்கும்வரை அவர் அந்த அணிக்கே கட்டுப்பட்டவர். முதல் மூன்று வருடமளவில் குறைந்தபட்சச் சம்பளம். 2025இல் அது 760,000 டொலர். பிறகு ஆர்பிட்ரேஷன் வருடங்கள்: ஒத்துவராவிட்டால் நடுவர்கள் சம்பளத்தைத் தீர்மானிப்பார்கள், அது படிப்படியாக ஏறும். ஆறு முடிந்தால் ஃப்ரீ ஏஜென்ட், விரும்பிய அணிக்குப் போகலாம். நல்ல புரொஸ்பெக்டுக்கு இவ்வளவு விலை ஏன் என்றால், அந்த மலிவான ஆறு வருடமும் அவரோடு சேர்ந்து கைமாறுகிறது. மறுபக்கம், ஒப்பந்தம் முடியும் வருடத்தில் ஜூலைக் கடைசியில் வாங்கும் அடிகாரர் இரண்டு மூன்று மாதத்துக்குத்தான் உங்களுடையவர். அவரைத்தான் ரென்டல் என்கிறோம்.

இனி யூஹேனியோ சுவாரெஸ் கதைக்கு வருகிறேன். நீங்கள் எல்லாரும் அதைத்தான் எடுப்பீர்கள் என்று தெரியும்.

2025 ஜூலைக் கடைசியில் அரிசோனாவிடம் விற்பனைக்கு நின்ற பெரிய துடுப்பு சுவாரெஸுடையது. அதற்குள் 36 ஹோம் ரன். வருட முடிவோடு ஒப்பந்தமும் முடிவு, அசல் ரென்டல். எங்கள் மேசைகளில் அவருக்காக விலை பேசப்பட்டது. அந்த விலையில் அடிக்கடி விழுந்த பெயர் ட்ரே யெசாவேஜ். 2024 டிராஃப்டில் (அணிகள் இளம் வீரர்களை முறைவைத்து எடுக்கும் தேர்வு) 20ஆவதாக எடுக்கப்பட்ட பிச்சர், அதாவது பந்து எறிகிறவர். 2025ஐ டனீடினில், மேஜர் லீக்குக்குப் பெடியளை வளர்க்கும் மைனர் லீக்கின் கீழ்ப்படியில் தொடங்கி, ஜூலையில் அதன் மேல்படிகளில் ஒன்றான டபுள் ஏ வரை ஏறியிருந்தார். மேஜர் லீக்கில் ஒரு பந்தும் எறியாத 22 வயசுப் பெடியன். "அவன் வர இன்னும் எவ்வளவு காலம் எடுக்குமோ, கிண்ணம் இந்த வருடம்" என்பதுதான் வாதம்.

சுவாரெஸ் சியாட்டிலுக்குப் போனார். சியாட்டில் கொடுத்தது டைலர் லொக்ளியர், ஹண்டர் கிரான்டன், ஹுவான் புர்கோஸ் மூவரையும். தங்கள் முதல்தரப் பெடியன் கோல்ட் எமர்சனை அவர்கள் தொடவே விடவில்லை. மிச்ச சீசனில் சுவாரெஸ் சியாட்டிலுக்கு அடித்த சராசரி .189. அதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். பிறகு ஒக்டோபர் 17 வந்தது. எங்களுக்கும் சியாட்டிலுக்கும் இடையிலான அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ், நாங்கள் 2-1 என முன்னால். சியாட்டில் வீரர் கால் ராலி ஒரு ஹோம் ரன்னைத் தூக்கிச் சமன் செய்தார். பேஸ்கள் நிரம்பின. சுவாரெஸ் கிராண்ட் ஸ்லாம் அடித்தார், ஒரே அடியில் நான்கு ஓட்டம். அன்று அவர் அடித்த இரண்டாவது ஹோம் ரன் அது. 6-2. அன்றிரவு யாரோடு கதைத்தாலும் ஒரே வசனம்: "நாங்கள் வாங்கியிருக்க வேண்டிய ஆள்."

இரண்டு நாள் கழித்து ஆறாவது ஆட்டத்தை எறிந்தவர் யெசாவேஜ். மூன்றாம், நான்காம், ஐந்தாம் இன்னிங்ஸ் மூன்றிலும் அடுத்தடுத்து டபுள் பிளே (ஒரே பந்தில் இரண்டு அவுட்) எடுத்துத் தப்பினார். 6-2 என்ற அதே கணக்கு, இந்த முறை எங்கள் பக்கம். மறுநாள் ஏழாவது ஆட்டத்தில் ஜோர்ஜ் ஸ்பிரிங்கரின் மூன்று ஓட்ட ஹோம் ரன், 1993க்குப் பிறகு எங்களுக்கு முதல் உலகத் தொடர், அதாவது கிண்ணத்துக்கான கடைசித் தொடர். ஒக்டோபர் 29, லொஸ் ஏஞ்சலிஸ், உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம்: யெசாவேஜ் ஏழு இன்னிங்ஸ், 12 ஸ்ட்ரைக் அவுட், ஒரு வோக்கும் (அடிகாரருக்கு அடிக்காமலே முதல் பேஸைக் கொடுப்பது) இல்லை. உலகத் தொடரில் எந்தப் புதுமுகப் பிச்சரும் அதுவரை ஓர் ஆட்டத்தில் அத்தனை எடுத்ததில்லை.

உடனே மேசை திரும்பிவிட்டது. "பாத்தியளா, பெடியளை ஒருநாளும் விக்கக் கூடாது." ஜூலையில் அவரை விற்கச் சொன்ன அதே வாய்கள். கோபம் இல்லை, வேடிக்கையாக இருந்தது. ஆனால் அந்தத் தீர்ப்பையும் நான் ஏற்கவில்லை. யெசாவேஜ் ஒக்டோபரில் என்ன செய்தார் என்பது ஜூலையில் எவருக்கும் தெரியாது. முழங்கை வலியோடு டபுள் ஏயிலேயே நின்றிருந்தால், சுவாரெஸின் அந்த கிராண்ட் ஸ்லாமை இன்றுவரை சொல்லிச் சொல்லி அட்கின்ஸைத் திட்டிக்கொண்டிருப்போம். யெசாவேஜைக் கொடுக்காதது சரி. இரண்டு மாதத்துக்கு வருகிற, அடித்தால் கோபுரம் விழுந்தால் பள்ளம் என்கிற ஓர் அடிகாரருக்காக, ஆறு வருடத்துக்கு மலிவாக இருக்கப்போகிற முதல்தரப் பிச்சரைக் கொடுக்கக் கூடாது. இந்தக் கணக்கு ஜூலை 31 அன்றே கையில் இருந்தது. 12 ஸ்ட்ரைக் அவுட் அதற்குச் சாட்சியாகத் தேவையில்லை.

"அப்படியென்றால் ரென்டல் வாங்கவே கூடாதா?" என்று 1992, 1993ஐ நேரில் பார்த்த அண்ணன்மார் கேட்பார்கள். நல்ல கேள்வி. இந்த ஊருக்கு வந்த இரண்டு கிண்ணத்திலும் ரென்டலின் கைரேகை இருக்கிறது. 1992 ஓகஸ்ட் 27 அன்று நியூயோர்க் மெட்ஸிடமிருந்து டேவிட் கோனை வாங்க நாங்கள் கொடுத்தவர் ஜெஃப் கென்ட். முழுத் தலைகீழ்: அடிகாரனாகப் போகிற பெடியனைக் கொடுத்துச் சில வாரத்துக்கு ஒரு பிச்சரை வாங்கினோம். கென்ட் பிறகு 2000இல் நேஷனல் லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருது வாங்கினார். மொத்தம் 377 ஹோம் ரன், இரண்டாவது பேஸில் ஆடியவர்களில் அவரளவு அடித்தவர் இல்லை. கோன் அந்தக் குளிர்காலமே கான்சஸ் சிற்றிக்குப் போய்விட்டார். ஆனாலும் அந்த ட்ரேட்டுக்காக அழுகிற ஒரு ரொறன்ரோக்காரரை நான் சந்தித்ததில்லை. 1993 ஜூலை 31 அன்று ரிக்கி ஹெண்டர்சனுக்காகக் கொடுத்தது முதல் சுற்றுப் பிச்சர் ஸ்டீவ் கார்சேயையும் இன்னொரு இளம் வீரரையும். ஹெண்டர்சன் இங்கே அடித்தது .215தான். ஆனால் ஒக்டோபர் 23 அன்று ஜோ கார்ட்டர் கிண்ணத்தை வென்று தந்த அந்தப் பந்தை இடப்பக்கச் சுவருக்கு வெளியே அனுப்பியபோது இரண்டாவது பேஸில் நின்றது அவர்தான்.

கென்டின் இடத்தில் ஏற்கெனவே ரொபர்ட்டோ அலோமார் நின்றார், அவருக்கு அப்போது 24 வயது. கென்ட் இங்கே இருந்திருந்தாலும் அந்த இடம் திறந்திருக்காது. அணியோ லீக்கின் பலமான அணிகளில் ஒன்று, ஒரே ஒரு ஓட்டை. அந்த நிலையில் இடமில்லாத பெடியனைக் கொடுத்து ஓட்டையை அடைத்தார்கள். ரென்டலுக்கு எதையும் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. உனக்கே நாளைக்குத் தேவைப்படப் போகிறவனைக் கொடுக்காதே என்கிறேன். யெசாவேஜ் அப்படி இடமில்லாத ஆள் இல்லை. பிச்சர் மிஞ்சிப் போயிற்று என்று சொன்ன அணியை நான் இன்னும் பார்க்கவில்லை.

வருட எண்ணிக்கை மட்டும் போதும் என்றும் நினைத்துவிட வேண்டாம். 2015 ஜூலை 28 அன்று டிரோய் டுலோவிட்ஸ்கி வந்தார். ஐந்து வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் இருந்தது, ரென்டல் இல்லை. ஆனால் வயது 30, காயங்களின் நீண்ட பட்டியல், பெரிய சம்பளம். கொடுத்தவர்களில் ஒருவர் 2014 முதல் சுற்றுப் பிச்சர் ஜெஃப் ஹொஃப்மன். 2018 டிசம்பரில் அணி டுலோவிட்ஸ்கியை விடுவித்தபோது இன்னும் 38 மில்லியன் டொலர் கொடுக்க வேண்டியிருந்தது. மலிவான வருடங்கள் வேறு, விலையுயர்ந்த வருடங்கள் வேறு. ஹொஃப்மன் பத்து வருடம் கழித்து எங்களிடமே ஃப்ரீ ஏஜென்டாகத் திரும்பி வந்தார். 2025 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், கிண்ணத்துக்கு இரண்டு அவுட் மட்டும் மிச்சமிருக்க, லொஸ் ஏஞ்சலிஸ் டொஜர்ஸின் மிகேல் ரோஹாஸுக்கு ஆட்டத்தைச் சமன் செய்த அந்த ஹோம் ரன்னைக் கொடுத்தவரும் அவர்தான். இதில் பாடம் எதுவும் இல்லை. பேஸ்போல் சிலவேளை இப்படித்தான் எங்களை வம்புக்கு இழுக்கும்.

இனி ஷபைரோ, அட்கின்ஸ் பக்கம். 2022 ஒக்டோபர் 8 அன்று சியாட்டிலிடம் 8-1 என முன்னால் நின்று 10-9 என்று தோற்றோமே, அந்த ஆட்டத்தில் இரண்டு ஹோம் ரன் அடித்தவர் டியோஸ்கார் ஹெர்னாண்டஸ். ஐந்து வாரம் கழித்து அவரை அதே சியாட்டிலுக்கு விற்றார்கள். வந்தவர்கள் ரிலீவர் (ஆட்டத்தின் இடையில் வந்து எறியும் பிச்சர்) எரிக் சுவான்சனும், ஆடம் மேக்கோ என்ற இடதுகைப் பிச்சர் புரொஸ்பெக்டும். நியாயம் இல்லாமல் இல்லை: டியோஸ்காருக்கு ஒரு வருடமே மிச்சம், ஸ்ட்ரைக் அவுட் அதிகம், ஃபீல்டிங்கும் சுமார். சுவான்சன் 2023இல் நன்றாகத்தான் எறிந்தார். ஆனால் அப்போது அணி எங்கே நின்றது? கிண்ணத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற அணி தன் துடுப்பை விற்று, மைனர் லீக்கில் இருக்கிற ஒரு பெடியனை ஏன் வாங்க வேண்டும்? 2023 ஒக்டோபரில் மினசோட்டாவில் இரண்டு ஆட்டம், மொத்தம் ஒரே ஒரு ஓட்டம், வீட்டுக்கு வந்தோம். மேக்கோ அந்த வருடம் வான்கூவரில், எங்கள் மைனர் லீக் அணியில், எறிந்துகொண்டிருந்தார். டியோஸ்கார் 2024இல் டொஜர்ஸுக்காக 33 அடித்து, கிண்ணம் வென்றவர்களுக்கான மோதிரம் வாங்கினார், 2025இல் எங்களுக்கு எதிராக நின்று இன்னொன்றும் வாங்கினார். அந்த ட்ரேட் பற்றி மேசையில் அவ்வளவாகச் சத்தம் வரவில்லை என்பதும் என் மனக்குறைதான். சுவாரெஸை வாங்காததற்குக் கத்திய அளவில் பாதியாவது அன்று கத்தியிருக்கலாம்.

விளாடியை விற்கச் சொன்னவர்களுக்கு வாஷிங்டனைக் காட்டுகிறேன். ஹுவான் சோட்டோ 15 வருட 440 மில்லியன் ஒப்பந்தத்தை மறுத்ததும், 2022 ஓகஸ்ட் 2 அன்று அவரை சான் டியேகோவுக்கு அனுப்பினார்கள். இரண்டரை வருடக் கட்டுப்பாடு மிச்சமிருந்த, 23 வயது அடிகாரர். பெடியளைக் கொண்டுவந்து குவித்தார்கள்: ஜேம்ஸ் வுட், சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கன்சி கோர், இன்னும் சிலர். புரொஸ்பெக்ட் வாங்கும் ட்ரேட் என்றால் இதைவிட நன்றாக அமைய முடியாது. ஏப்ரம்ஸ் 2024இல் ஓல் ஸ்டார் (அந்த வருடத்து நட்சத்திர ஆட்டத்துக்குத் தெரிவானவர்), கோரும் வுட்டும் 2025இல் ஓல் ஸ்டார், வுட் அந்த வருடம் 31 ஹோம் ரன். அப்படியிருந்தும் 2025இல் வாஷிங்டன் 96 ஆட்டம் தோற்றது. ட்ரேட்டைச் செய்த ஜெனரல் மேனேஜர் மைக் ரிஸ்ஸோவின் வேலையும் ஜூலையில் போயிற்று. வாங்கிய பெடியள் மூவரும் தேறினார்கள், அவர்களைச் சுற்றி அணி தேறவில்லை. நீங்கள் சொன்னபடி விளாடியை விற்றிருந்தால் எங்களுக்கு இந்த அளவுக்குக்கூட வாய்த்திருக்குமா என்பது சந்தேகம், ஏனென்றால் அவருக்கு மிச்சமிருந்தது சோட்டோவைவிடக் குறைந்த காலம். அணி 2025 ஏப்ரலில் 14 வருடத்துக்கு 500 மில்லியன் கொடுத்து அவரை வைத்துக்கொண்டது. அந்த ஒக்டோபரில் எட்டு ஹோம் ரன், அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் மிகச்சிறந்த வீரர். கடைசி வருடங்களில் அந்தச் சம்பளம் நெஞ்சை அடைக்கும், அதுவும் தெரிந்ததுதான்.

சரி, உங்களோடு உண்மையில் சண்டை பிடிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். அர்ஜுன் நிம்மாலா.

இந்தியப் பெற்றோரின் மகன், புளோரிடாவில் வளர்ந்தவர், ஷோர்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம் மூன்றாம் பேஸுக்கு இடையில் நின்று தடுப்பவர். 2023இல் ஜேஸ் முதல் சுற்றில் 20ஆவதாக எடுத்தபோது வயது 17. அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் எந்த ட்ரேட்டைக் கதைத்தாலும் ஒரு நிபந்தனை வைக்கிறார்கள்: "யாரையும் குடு, நிம்மாலாவைத் தொடாதே." ஏன் என்று கேட்டால் அவருடைய துடுப்பைப் பற்றிச் சொல்வதில்லை. "எங்கட பெடியன் மாதிரி" என்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ரொஜர்ஸ் சென்ரரில் அர்ஜுன் என்ற பெயரை ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும், என் வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பெயர் போட்ட ஜேர்சி கேட்டு அடம்பிடிக்க வேண்டும். ஆனால் ட்ரேட் கணக்கில் அதற்கு இடம் இல்லை.

2014 நவம்பர் 28 நினைவிருக்கிறதா? ஓக்லாந்திடமிருந்து ஜோஷ் டோனல்ட்சன் வந்தார். போன நால்வரில் பிரெட் லோரி பிரிட்டிஷ் கொலம்பியாக்காரர், கனடாவின் செல்லப்பிள்ளை. கனடாக்காரர்கள் அன்று அவருக்காக எப்படி மூக்கைச் சிந்தினார்கள்! விஷயம் தெரிந்தவர்கள் கவலைப்பட்டது இன்னொருவருக்காக: பிராங்க்ளின் பரேட்டோ, 18 வயது ஷோர்ட்ஸ்டாப், அந்தக் கூட்டத்தில் பெரிய பெயர். பத்து வருடத்துக்கு ஒருமுறை வருகிற பெடியன் என்றுகூடக் கதை அடிபட்டது. டோனல்ட்சனுக்கு நான்கு வருடக் கட்டுப்பாடு மிச்சம், சம்பளமும் ஆர்பிட்ரேஷன் கணக்கு. அடுத்த வருடமே 41 ஹோம் ரன், அவர் அடியால் உள்ளே வந்த ஓட்டம் 123, அமெரிக்கன் லீக்கின் மிகச்சிறந்த வீரர், 22 வருடத்துக்குப் பிறகு அணிக்கு முதல் பிளேஓஃப், அதாவது ஒக்டோபர் இறுதிச் சுற்று. பரேட்டோ மேஜர் லீக்கில் காலூன்றவே இல்லை. அவர் ஊன்றியிருந்தாலும் அந்த ட்ரேட் சரிதான். நான்கு மலிவான வருடம், அணி ஓடத் தயாரான நேரம், வேறென்ன வேண்டும்?

அதனால் வெளிப்படையாகவே சொல்கிறேன், திட்டுகிறவர்கள் திட்டலாம். மூன்று வருடமோ அதற்கு மேலோ கட்டுப்பாடு மிச்சமிருக்கிற, முப்பதைத் தாண்டாத, வருடத்துக்கு முப்பது அடிக்கிற ஒருவர் சந்தைக்கு வந்து, மற்ற அணி நிம்மாலாவைக் கேட்டால், கொடுக்க வேண்டும். 2025இல் நிம்மாலா வான்கூவரில், டபுள் ஏக்கு ஒரு படி கீழேயுள்ள ஹை ஏயில் ஆடினார். தேறினாலும் இங்கே முழு நேரம் ஆட இன்னும் காலம் எடுக்கும். ஷோர்ட்ஸ்டாப்பிலோ அந்த்ரேஸ் ஹிமெனெஸின் ஒப்பந்தம் 2029 வரை ஓடுகிறது. விளாடிக்கு இப்போதுதான் உச்ச வயது, அந்த 500 மில்லியனின் நல்ல வருடங்கள் இவைதான். இவற்றைப் பெடியள் வளரக் காத்திருந்து செலவழித்தால் வாஷிங்டன் மாதிரி ஓல் ஸ்டார் பட்டியலைப் பார்த்து ஆறுதல் அடையலாம், அவ்வளவுதான்.

ஆனால் ஜூலைக் கடைசியில் யாராவது வந்து, ஒக்டோபர் முடிந்ததும் போகப்போகிற ஓர் அடிகாரரைக் காட்டி அதே நிம்மாலாவைக் கேட்டால் அட்கின்ஸ் தொலைபேசியை வைத்துவிட வேண்டும். அந்த ஆள் அதற்குள் நாற்பது அடித்திருந்தாலும் சரி. நாங்களும் அன்றைக்குக் கோப்பியைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு ஜேஸ் ரசிகன்